சீஸ் ஊரில் குறும்பட விழா: உணவுப் படங்கள் ஏன் சின்ன ஊர்களைத் தேடிப் போகின்றன?

உணவைப் பற்றிய குறும்படங்களுக்கென்று தனியாக ஒரு போட்டி நடத்தலாம் என்ற யோசனை ரோமிலோ மிலானிலோ பிறந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். சினிமா ஸ்டூடியோ, பணம், பத்திரிகைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அது பிறந்தது பிரா என்ற ஊரில். வடமேற்கு இத்தாலியில், துரின் நகருக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊரின் மக்கள்தொகை 30,000-க்கும் சற்றுக் குறைவு. நம் ஊர்க் கணக்கில் ஒரு சின்ன நகராட்சி, அவ்வளவுதான். அங்கே 'கோர்ட்டோ இன் பிரா' என்ற குறும்பட விழா ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. 2000-களின் தொடக்கத்தில் அதற்குள் உணவுப் படங்களுக்காக 'ஸ்லோ ஃபுட் ஆன் ஃபிலிம்' என்று ஒரு பகுதி சேர்ந்தது. துரித உணவுக்கு எதிராக உள்ளூர் உணவைப் பேசும் ஸ்லோ ஃபுட் இயக்கத்தின் பெயர்தான் அது.

அதற்குப் பிறகு கனடாவின் கிழக்குக் கோடியில், ஏறத்தாழ 5,000 பேர் வாழும் வுல்ஃப்வில் என்ற ஊரில் 2009-இல் இதே மாதிரி ஒரு விழா தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பெர்லின், நியூயார்க் போன்ற பெருநகரங்களும் களத்தில் இறங்கின. இருந்தாலும் உணவுப்பட விழா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவை இந்தச் சின்ன ஊர்கள்தான். பெரிய ஊர்களில் அது பெரும்பாலும் பெரிய விழா ஒன்றின் துணைப் பிரிவாகவே இருந்துவிடுகிறது. சின்ன ஊரில் அதுவே ஊர்த் திருவிழாவாகிவிடுகிறது.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் சுற்றுலா. நாலு பேர் வந்து தங்குவார்கள், ஹோட்டல் நிரம்பும், ஊர் பெயர் பத்திரிகையில் வரும். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். சுற்றுலாவுக்காக விழா நடத்த நினைத்த ஊர்கள் எத்தனையோ. பிராவுக்கும் வுல்ஃப்வில்லுக்கும் உள்ள வித்தியாசம், அங்கே விழா பின்னால்தான் வந்தது என்பதுதான். அதற்கு முன்பே இருபது, முப்பது வருடங்களாக அந்த ஊர்க்காரர்கள் வேறு வேலைகளில் மும்முரமாக இருந்தார்கள். அந்த வேலைகளைப் புரிந்துகொள்ளாமல் விழாவைப் புரிந்துகொள்ள முடியாது.

பச்சை சாஸேஜும் ஒரு வானொலியும்

பிராவில் கசாப்புக்கடைக்குப் போனால், ஒரு விரல் பருமன்கூட இல்லாத நீளமான சாஸேஜ் கயிறு மாதிரிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். 'சல்சிச்சா தி பிரா' என்பார்கள். கன்றுக்குட்டி இறைச்சியோடு கொஞ்சம் பன்றிக் கொழுப்பு, மிளகு, பட்டை, ஜாதிக்காய் சேர்ந்தது. இதை வேகவைக்காமல், அப்படியே பச்சையாக ரொட்டியோடு சாப்பிடுவது ஊர் வழக்கம். ஒரு காலத்தில் இதில் பன்றியே கிடையாது. பக்கத்து ஊரான கெராஸ்கோவில் இருந்த யூதர்கள் பிரா சந்தைக்கு வந்து வாங்கினார்கள், அவர்களுக்காகவே மாட்டிறைச்சியில் செய்தார்கள் என்பது ஊரில் சொல்லிவரும் கதை. மாட்டிறைச்சியில் சாஸேஜ் செய்யும், மற்ற இடங்களில் இல்லாத இந்த உரிமையை 1847-இல் மன்னர் கார்லோ ஆல்பெர்ட்டோ ஆணை போட்டு பிரா கசாப்புக்காரர்களுக்குக் கொடுத்தார் என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

இந்த சாஸேஜைப் பற்றி எட்டு நிமிடப் படம் ஒன்று எடுக்கலாம். மதம், சட்டம், சந்தை, சுகாதாரம் எல்லாம் அந்தச் சுருளுக்குள்ளேயே இருக்கின்றன. தன் சாப்பாட்டைப் பற்றிப் பேச இவ்வளவு விஷயம் வைத்திருக்கும் ஊரில், அதைப் பேச ஆளும் இருந்தார்கள் என்பதுதான் அடுத்த விஷயம்.

கார்லோ பெட்ரீனி 1949-இல் பிராவில் பிறந்தவர். 1970-களில் இடதுசாரி இளைஞர். 1975-இல் நண்பர்களோடு சேர்ந்து 'ராடியோ பிரா ஓந்தே ரோஸ்ஸே' என்ற வானொலியை, அரசின் அனுமதி எதுவும் இல்லாமலே ஆரம்பித்தார். அதே ஆண்டில் நகர மன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தக் கும்பல் செய்த இன்னொரு காரியம், 'காந்தே எயூவ்' என்ற பழைய வழக்கத்தைத் தூசு தட்டி எடுத்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால இரவுகளில் பாட்டுக்காரர்கள் பண்ணை பண்ணையாகப் போய்ப் பாடுவார்கள். வீட்டுக்காரர் முட்டையும் ஒயினும் கொடுத்து அனுப்புவார். மார்கழி பஜனை பார்த்த நமக்கு இதில் பெரிய புதுமை தெரியாது. ஆனால் அன்றைய இடதுசாரிகளுக்கு, அரசியல் பேசுவதும் நாட்டுப்பாட்டு பாடுவதும் நல்ல ஒயின் குடிப்பதும் ஒரே வேலையின் மூன்று பக்கங்கள் என்று சொன்னது புதுமையாக இருந்தது. 1984-இல் பிராவின் ஒரு முற்றத்தில் 'பொக்கொன்திவீனோ' என்ற உணவகத்தைத் திறந்தார்கள். பின்னாளில் ஸ்லோ ஃபுட் தலைமையகமே அந்த முற்றத்தில்தான் அமைந்தது.

1986-ஐ விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அந்த ஆண்டு மார்ச்சில் இத்தாலியில் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து விற்றது வெளிச்சத்துக்கு வந்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பலருக்குப் பார்வை போனது. நம்மூர்க் கள்ளச்சாராயச் சாவுகளைப் பார்த்தவர்களுக்கு மெத்தனால் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அந்த ஒயின் கிளம்பிய இடங்களில் ஒன்று நார்ட்ஸோலே. பிராவிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். உலகப் புகழ்பெற்ற பரோலோ ஒயின் விளையும் குன்றுகளும் அதே வட்டாரம்தான். ஒரே நாளில் வட்டாரத்தின் பெயரே கெட்டுப்போனது. விளைவிப்பவர் யார், எப்படிச் செய்கிறார் என்பதைச் சாப்பிடுபவருக்குக் காட்டியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் அங்கே வேரூன்றியதற்கு இதைவிட வலுவான காரணம் தேட வேண்டியதில்லை.

அதே மார்ச்சில் ரோமின் ஸ்பானியப் படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தது. எதிர்ப்புக் கூட்டத்தில் கோஷத்தோடு பாஸ்தாவும் பரிமாறினார்கள். அந்த ஆண்டிலேயே 'ஆர்ச்சிகோலா' என்ற சங்கம் உருவானது. 1989 டிசம்பரில் பாரிஸில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கையெழுத்திட்ட அறிக்கையோடு அது ஸ்லோ ஃபுட் என்ற உலக இயக்கமானது. வெளியில் எல்லோருக்கும் நினைவிருப்பது மெக்டொனால்ட்ஸ் கதைதான், சொல்லச் சுவையாக இருக்கிறது. என்னைக் கேட்டால் மெத்தனால்தான் பெரிய காரணம்.

அப்புறம் நடந்தது வரிசையாக: 1996-இல் துரினில் 'சலோனே தெல் குஸ்தோ' என்ற உணவுக் கண்காட்சி, 1997-இல் பிராவின் தெருக்களிலேயே 'சீஸ்' விழா, 2004-இல் பிராவின் ஓரத்தில் இருக்கும் பொல்லென்ட்ஸோவில் ஒரு பழைய அரச பண்ணைக் கட்டடத்தில் உணவு அறிவியலுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம். குறும்படங்கள் இந்த வரிசைக்கு நடுவில் வந்து உட்கார்ந்தன. அதற்குள் ஊரில் பார்வையாளர் இருந்தார்கள், சமையற்காரர்கள் இருந்தார்கள், எதைப் படம் எடுக்க வேண்டும் என்று சண்டை போடுகிற ஆட்களும் இருந்தார்கள். திரையும் புரொஜெக்டரும் மட்டும்தான் புதிதாக வேண்டியிருந்தன.

ஏன் குறும்படம்?

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு மக்களுக்குப் படம் காட்டியபோது ஓட்டிய பத்துத் துண்டுப் படங்களில் ஒன்று, குழந்தைக்குச் சோறூட்டும் படம். ஒகுஸ்ட் லூமியேர் தன் குழந்தைக்குக் கரண்டியால் ஊட்டுகிறார், மனைவி பக்கத்தில் காபி கலக்குகிறார். ஒரு நிமிடம்கூட ஓடாது. காட்டிய இடமும் ஒரு கஃபேயின் கீழ்த்தளம். ஆக, உணவுக் குறும்படமும் சாப்பாட்டுக் கடையில் படம் காட்டுவதும் சினிமாவின் முதல் நாளிலிருந்தே இருக்கிற சமாச்சாரம்.

ஆஸ்கர் விதிப்படி டைட்டில்களையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் இருந்தால் அது குறும்படம். விழாக்களில் பெரும்பாலும் ஓடுபவை அதைவிட மிகச் சின்னவை. 'ஃப்ரெஷ் குவாக்கமோலே' என்ற 2012-ஆம் ஆண்டுப் படம் 1 நிமிடம் 40 விநாடிதான். அதில் சாப்பிடக்கூடிய பொருள் என்று கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. அவகாடோவுக்குப் பதில் கையெறி குண்டை நறுக்குகிறார்கள். அது ஆஸ்கர் பரிந்துரை வரை போனது, பரிந்துரை பெற்றவற்றிலேயே மிகக் குறுகிய படம் என்ற பெயரோடு.

உணவுக்கும் குறும்படத்துக்கும் பொருத்தம் அமைவதற்கு நேரமும் ஒரு காரணம். ஒரு பதார்த்தம் செய்து முடிக்கிற வேலைக்கு இயல்பாகவே தொடக்கம், நடு, முடிவு இருக்கிறது. மாவு பிசைகிறார்கள், காத்திருக்கிறார்கள், அடுப்பில் போகிறது, வெளியே வருகிறது. கதை எழுத வேண்டிய அவசியமே இல்லை, வேலையே கதை. அதனால் சினிமா பள்ளி மாணவர் ஒருவர் கேமராவை எடுத்துக்கொண்டு அதிகாலை ரொட்டிக்கடைக்குப் போய் நின்றால் பத்து நிமிடப் படம் கிடைத்துவிடுகிறது. நட்சத்திரம் வேண்டாம், செட் வேண்டாம். செலவும் குறைவு. சின்ன ஊர் விழாவுக்கு இது வசதி: ஒன்றரை மணி நேரக் காட்சியில் எட்டுப் படம் போடலாம், எட்டு இயக்குநர்கள் தங்கள் நண்பர்களோடு வருவார்கள், ஒரு படம் சரியில்லை என்றால் அடுத்தது பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

இந்தச் சுலபம்தான் ஆபத்தும். உணவுக் குறும்படங்கள் நிறையப் பார்த்தவர்களுக்கு அதன் சூத்திரம் மனப்பாடம்: ட்ரோனில் வயல், சுருக்கம் விழுந்த கைகள், மெதுவாகத் தூவப்படும் மாவு, பின்னணியில் பியானோ, "எங்க பாட்டி சொல்லிக் கொடுத்தது" என்று ஒரு குரல். பாதிப் படங்களைச் சுற்றுலாத் துறை விளம்பரம் என்று சொல்லி மாற்றி வைத்தாலும் யாருக்கும் தெரியாது. தேர்வுக்குழுவின் உண்மையான வேலை இவற்றைக் கழிப்பதுதான். அழகாக எடுக்கப்பட்ட படத்தைக் கழிப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

நல்ல படத்தை எப்படி அடையாளம் காண்பது? ஆவியைப் பாருங்கள். சூடான சோற்றிலிருந்து எழும் ஆவி கேமராவில் சும்மா பதிவாகாது. பின்னாலிருந்து வெளிச்சம் விழ வேண்டும், அதற்குப் பின்னால் இருட்டாக இருக்க வேண்டும். விளம்பரப் படக்காரர்கள் அதற்காகத் தட்டுக்குப் பின்னால் சுடுதண்ணீரில் நனைத்த பஞ்சை ஒளித்து வைப்பார்கள். ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு, பாலுக்குப் பதில் வெள்ளைப் பசை என்று அந்தத் தொழிலுக்கே ஒரு தனி மளிகைப் பட்டியல் உண்டு. ஆவணப்படக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவர் அடுப்படிக்குள் எங்கே நின்றால் ஜன்னல் வெளிச்சம் பானைக்குப் பின்னால் வரும் என்று முதலிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அப்படியென்றால் அவர் அந்த அடுப்படியில் ஏற்கெனவே சில நாள் நின்றிருக்கிறார் என்று அர்த்தம். அந்த வீட்டு அம்மா கேமராவை மறந்து மருமகளைத் திட்ட ஆரம்பித்திருப்பார். படம் அங்கேதான் தொடங்கும்.

ஒலியும் அப்படித்தான். எண்ணெயில் ஏதாவது பொரிகிற சத்தத்தைப் பதிவு செய்து படம் இல்லாமல் கேட்டால் மழை மாதிரி இருக்கும். பழைய வானொலி நாடகங்களில் மழைக்குப் பன்றி இறைச்சியை வறுத்த கதை உண்டு. திரையில் பார்ப்பவருக்கு வாயில் எச்சில் ஊறுவது கண்ணாலா காதாலா என்று கேட்டால், காது என்றுதான் நான் சொல்வேன்.

கடல் விட்டுக்கொடுத்த நிலம்

இப்போது வுல்ஃப்வில். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், ஃபண்டி விரிகுடாவின் உள்கோடியான மைனஸ் பேசின் கரையில் இருக்கிற ஊர். உலகிலேயே மிக உயரமான கடல் ஓதம் இங்கேதான். சில இடங்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் 16 மீட்டர் வரை வித்தியாசம், ஐந்து மாடிக் கட்டட உயரம்.

17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு பேசும் அக்காடியர்கள் இந்தச் சேற்று நிலத்தில் கரை கட்டினார்கள். கரைக்கு அடியில் மரத்தால் ஒரு மதகு. 'அபுவாத்தோ' என்பது அதன் பெயர். அதற்குள் கீல் போட்ட ஒரு கதவு தொங்கும். ஓதம் வடியும்போது உள்ளே தேங்கிய மழைத்தண்ணீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். ஓதம் ஏறும்போது கடல்நீரே அந்தக் கதவை அழுத்தி மூடிவிடும். ஆள் வேண்டாம், பூட்டு வேண்டாம். இரண்டு மூன்று வருடம் மழை பெய்து உப்பு கழுவிப் போனதும் மண் விளைச்சலுக்குத் தயார். 1755-இல் பிரிட்டிஷார் அக்காடியர்களைக் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள், நிலம் வேறு குடியேறிகளுக்குப் போனது. பக்கத்தில் இருக்கும் கிராண்ட் ப்ரே நிலப்பரப்பு 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இவை எல்லாவற்றுக்கும் முன்பே அந்த மண் மிக்மா பழங்குடிகளின் மண்.

அந்தப் பள்ளத்தாக்கு பிறகு ஆப்பிளுக்குப் பேர் போனது. பிரிட்டனுக்குக் கப்பல் கப்பலாக ஆப்பிள் போன காலம் இரண்டாம் உலகப் போரோடு முடிந்தது. ஆப்பிள் கிடங்குகள் காலியாகின. அப்படி ஒரு பழைய கிடங்கில்தான் வுல்ஃப்வில்லின் உழவர் சந்தை நடக்கிறது. 1995-இல் அந்த வட்டாரத்தில் தொழிலாளர் கூட்டுறவாக ஒரு காபி வறுக்கும் நிறுவனம் தொடங்கியது. விவசாயிக்கு நியாய விலை கொடுத்து வாங்கிய காபியை வறுத்து விற்ற கனடாவின் முதல் நிறுவனம் என்று அதைச் சொல்வார்கள். 2007-இல் கனடாவின் முதல் நியாய வணிக நகரம் என்ற பெயரும் வுல்ஃப்வில்லுக்கே கிடைத்தது. குன்றுகளில் திராட்சைத் தோட்டங்கள் பெருகின. 2012-இல் 'டைடல் பே' என்று அந்த மாகாணத்துக்கே உரிய வெள்ளை ஒயின் அடையாளம் ஒன்றும் உருவாக்கினார்கள். அதை லேபிளில் போட வேண்டுமென்றால் உள்ளூர்க் குழு ருசி பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். 1838-இல் தொடங்கிய அக்காடியா பல்கலைக்கழகம் ஊர் நடுவில் இருக்கிறது. ஆக, இரவுக் காட்சிக்கு ஆள் கிடைக்குமா என்ற கவலையும் கொஞ்சம் குறைவு.

சினிமாவுக்கு வருவோம். ஊரின் ஒரே பழைய தியேட்டர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசை நாடக அரங்காகக் கட்டப்பட்டது. சினிமா கம்பெனி கைவிட்ட பிறகு, ஊர்க்காரர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்து, பங்கு விற்றுப் பணம் திரட்டிக் கட்டடத்தை மீட்டார்கள். பல பத்தாண்டுகள் அதன் மேலாளராக இருந்தவரைக் கௌரவித்து அல் விட்டில் தியேட்டர் என்று பெயர் வைத்தார்கள். ஒரு தியேட்டர் மேலாளர் பெயரில் தியேட்டர்! நம் ஊரில் உரிமையாளர் பெயர் இருக்கும், நடிகர் பெயர் இருக்கும், சாமி பெயர் இருக்கும். டிக்கெட் வரிசையைச் சமாளித்தவர் பெயரில் ஒரு கொட்டகை இருப்பதாக எனக்குத் தெரிந்து இல்லை.

இவ்வளவும் தயாரான பிறகுதான், ஊரில் உணவகம் நடத்திவந்த மைக்கேல் ஹோவெல் என்ற செஃப் 2009-இல் 'ஸ்லோ மோஷன்' என்ற பெயரில் உணவுப்பட விழாவைத் தொடங்கினார். அவர் ஸ்லோ ஃபுட் ஆள் என்பது பெயரிலேயே தெரிகிறது. பிராவின் நூல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்திருக்கிறது. சில ஆண்டுகளில் அது 'டெவர்!' என்று பெயர் மாறிப் பெரிதானது. ஏற்கெனவே பெரிய திரைப்பட விழா நடத்திப் பழகிய லியா ரினால்டோ நிர்வாகத்துக்கு வந்தார். படம் தேர்வு செய்யத் தெரிந்தவர் ஒருவர், சமைக்கத் தெரிந்தவர் ஒருவர். இந்த விழாக்களுக்கு இப்படி இரண்டு பேர் வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் ஏதோ ஒன்று தீய்ந்துவிடுகிறது.

நேரத் தேர்வையும் கவனிக்க வேண்டும். வுல்ஃப்வில் விழா அக்டோபர் கடைசியை ஒட்டி நடந்தது. அறுவடை முடிந்திருக்கும், ஆப்பிளும் திராட்சையும் வீட்டுக்கு வந்திருக்கும், கோடைச் சுற்றுலாக்காரர்கள் போயிருப்பார்கள், விடுதி அறைகள் காலியாக இருக்கும். விளைவிப்பவர்களுக்கு உட்கார்ந்து படம் பார்க்க நேரம் கிடைப்பதும் அப்போதுதான். ஜூலையில் வைத்தால் கூட்டம் வரலாம், ஆனால் திரையில் காட்டப்படும் ஆட்கள் தோட்டத்தில் இருப்பார்கள்.

படம் முடிந்ததும் தட்டு

உணவுப்பட விழாவின் தலைவலி தியேட்டரில் இல்லை, சமையற்கட்டில் இருக்கிறது. படத்தில் பார்த்ததைப் பார்வையாளருக்குச் சாப்பிடக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். 2007-இல் தொடங்கிய நியூயார்க் உணவுத் திரைப்பட விழாவின் அடையாளமே அதுதான்: திரையில் பர்கர் ஓடினால் கையில் பர்கர் வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருநூறு பேருக்கு ஒரே நேரத்தில், சூடு ஆறாமல், இருட்டில், சட்டையில் கொட்டாமல் பரிமாறுவது எப்படி? அந்த சத்தத்தில் படத்தின் வசனம் கேட்குமா? யாருக்கு நிலக்கடலை ஒவ்வாது என்று யார் விசாரிப்பது?

அதனால் பல விழாக்கள் படத்தை முதலில் முடித்துவிட்டு, பிறகு பக்கத்து மண்டபத்தில் விருந்து வைக்கும் முறைக்கு வந்தன. சின்ன ஊருக்கு இங்கேதான் இயற்கையான சாதகம். தியேட்டர், உணவகம், விடுதி, சந்தை எல்லாம் நடந்து போகிற தூரம். படத்தில் பேசிய சீஸ்காரர் விருந்தில் நேரில் நிற்பார். "இந்த சீஸ் சக்கரத்தை எத்தனை மாதம் வைத்தீர்கள்?" என்று யாராவது கேட்டால் இயக்குநர் அவரைக் கைகாட்டிவிடலாம். பெருநகரத்தில் இதைச் செய்ய பேருந்து ஏற்பாடு செய்ய வேண்டும்.

பெர்லின் திரைப்பட விழா 2007-இல் 'குலினாரிஷஸ் கினோ' என்ற பிரிவைத் தொடங்கியது. அன்றைய இயக்குநர் டீட்டர் கோஸ்லிக்குக்கு நல்ல உணவு மேல் அத்தனை பிரியம். மார்ட்டின் க்ரோப்பியஸ் கட்டடத்தில் மாலையில் படம், பிறகு பக்கத்திலேயே பெயர்பெற்ற செஃப்களின் விருந்து. பிரமாதமாக நடந்தது. கோஸ்லிக் 2019 விழாவோடு விலகினார், அடுத்த ஆண்டே அந்தப் பிரிவும் இல்லை. ஒருவர் ரசனையில் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் போனதும் போயிற்று.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் இருக்கும் சான் செபாஸ்டியனில் கதை வேறு. அங்கே திரைப்பட விழா 1953-இலிருந்து நடக்கிறது. உணவுப் படப் பிரிவு வந்தது 2011-இல். அதே ஆண்டில்தான் பாஸ்க் சமையல் கல்லூரி தன் கட்டடத்தைத் திறந்தது, அதுதான் இந்தப் பிரிவுக்குத் துணை. அதற்கும் பின்னால் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆண்கள் கூடிச் சமைத்துச் சாப்பிடும் சங்கங்கள் அந்த ஊர்த் தெருக்களில் இருக்கின்றன. இயக்குநர் மாறினால் கலைந்துபோகிற விஷயமாக அது இல்லை. ஊரே அடுப்பைப் பற்ற வைத்து உட்கார்ந்திருக்கிறது.

பிராவின் விழாவுக்கு என்ன ஆனது? அது வளர்ந்து 2008-இல் போலோன்யாவுக்கு இடம் மாறியது. போலோன்யாவின் திரைப்பட ஆவணக் காப்பகம் உலகப் புகழ்பெற்றது, அந்த நகரத்தின் சமையலும் அப்படித்தான். காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஸ்லோ ஃபுட்டும் அந்தக் காப்பகமும் கைகோத்ததன் பெரிய பலன், இத்தாலிய இயக்குநர் எர்மான்னோ ஒல்மி எடுத்து 2009 பெர்லின் விழாவில் காட்டப்பட்ட 'தெர்ரா மாத்ரே' என்ற முழுநீள ஆவணப்படம். ஆனால் போலோன்யாவில் உணவுக் குறும்பட விழா நீண்டகாலம் நிலைக்கவில்லை. அந்த நகரத்தில் ஏற்கெனவே பழைய படங்களுக்காகவே ஒரு பெரிய விழா கோடைதோறும் நடக்கிறது. அங்கே இது ஐந்தோடு ஆறு. பிராவில் அப்படி இருந்திருக்காது என்பது என் அனுமானம்.

யார் காசு, யாருக்கு நாற்காலி

இதில் பேசாமல் விடுகிற விஷயம் பணம். குறும்படக் காட்சிகளுக்கு அதிக விலை வைக்க முடியாது. பத்து நிமிடப் படங்களைப் பார்க்க யார் ஆயிரக்கணக்கில் கொடுப்பார்கள்? விழாவைத் தாங்குவது விருந்து டிக்கெட்டும், ஒயின் கம்பெனி, சுற்றுலாத் துறை மாதிரியான ஆதரவாளர்களும்தான். இதன் விளைவு கொஞ்சம் கசப்பானது. படத்தில் அதிகாலை மூன்று மணிக்கு மாவு பிசைகிறவர், கொட்டும் பனியில் நண்டுக் கூடை இழுக்கிறவர், திராட்சை பறிக்க வெளிநாட்டிலிருந்து வந்த கூலியாள், இவர்கள் யாரும் அந்த விருந்து மேசையில் காசு கொடுத்து உட்காரும் நிலையில் இல்லை. நோவா ஸ்கோஷியாப் பண்ணைகளில் மெக்சிகோ, ஜமைக்காவிலிருந்து பருவத்துக்கு வரும் தொழிலாளர்கள்தான் பழம் பறிக்கும் வேலையில் பெரும்பங்கைச் செய்கிறார்கள். உணவுப் படங்களில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் விருந்தில் கிடைக்கும் இடத்தைப் போலவே குறைவு. ஆதரவாளர் லோகோ திரையில் இருக்கும்போது, அதே ஆதரவாளரின் தோட்டத்துக் கூலியைப் பற்றிய படத்தைத் தேர்வு செய்ய எத்தனை குழுக்களுக்குத் துணிச்சல் வரும்? சூத்திரப் படங்கள் ஏன் தேர்வாகின்றன என்பதற்கு ரசனைக் குறைவு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பிராவின் சீஸ் விழா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, செப்டம்பரில், ஊரின் தெருக்களும் முற்றங்களும் கடைகளாகிவிடும். 2017-இலிருந்து காய்ச்சாத பாலில் செய்த சீஸுக்கு மட்டும்தான் இடம். அந்த முடிவால் வரவிருந்த சில பெரிய ஆதரவாளர்களை இழந்திருப்பார்கள், அது தெரிந்தேதான் எடுத்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் தெருவில் நடக்கலாம், ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டுக்கொள்ளலாம், ஆடு மேய்ப்பவரிடம் நின்று பேசலாம். உட்கார்ந்து ருசி பார்க்கும் வகுப்புகளுக்கு மட்டும் டிக்கெட். தெருவின் ஒரு முனையில் திரையைக் கட்டி, இருட்டியதும் குறும்படம் போட்டால் அதற்கும் டிக்கெட் தேவைப்படாது. சீஸ்காரர் கடையைப் பூட்டாமலே படம் பார்க்கலாம்.